ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்ட்டிவைரஸ் ஓடலாமா? நம்ம மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சர்வீஸுக்கு வருகிற லேப்டாப்பைத் திறந்து, கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் பார்த்தால் பல நேரம் இரண்டு ஆன்ட்டிவைரஸ் படங்கள் இருக்கும். ஒன்று வாங்கும்போதே கூட வந்தது, இன்னொன்று கடைக்காரர் போட்டுக் கொடுத்தது. சிலதில் காலேஜ் படிக்கிற பிள்ளை இறக்கிப் போட்ட மூன்றாவதும் உண்டு. கொண்டு வருகிறவர்கள் சொல்கிற குறை ஒன்றுதான்: "சிஸ்டம் ரொம்ப இழுக்குது, என்னன்னு பாருங்க." இது தொடர்பாக ஆட்கள் கேட்கிற கேள்விகளையும் அதற்கான பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நேரா சொல்லுங்க அண்ணாச்சி, இரண்டு ஆன்ட்டிவைரஸ் போடலாமா, கூடாதா?

எந்நேரமும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிற, அதாவது ரியல்டைம் பாதுகாப்பு தருகிற ஆன்ட்டிவைரஸ் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டாவதாக ஒன்று வேண்டும் என்றால், நாம் திறக்கும்போது மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு மூடிக்கொள்கிற ரகமாக இருக்கட்டும். அதில் ஒரு பிரச்சினையும் இல்லை, நல்லதும்கூட.

ரியல்டைம்னு சொல்றது எதை? ஸ்கேன் பண்றதும் அதும் ஒண்ணுதானே?

ஒன்றில்லை. ஸ்கேன் என்பது நீங்கள் பட்டனை அழுத்தி, டிஸ்க்கில் இருக்கிற ஃபைல்களை வரிசையாகப் பார்க்கச் சொல்வது. முடிந்ததும் அது ஓய்ந்துவிடும். ரியல்டைம் அப்படியில்லை. நீங்கள் ஒரு வேர்டு ஃபைலைத் திறந்தாலும், பென்டிரைவிலிருந்து போட்டோ ஏற்றினாலும், பிரவுசர் தன் வேலைக்காக ஒரு சின்ன ஃபைலை எழுதினாலும், அந்தக் கோரிக்கை டிஸ்க்குக்குப் போகிற வழியிலேயே ஆன்ட்டிவைரஸ் அதை மறித்துப் பார்க்கும். இதைச் செய்வதற்கு விண்டோஸின் அடித்தளமான கெர்னலுக்குள் அது ஒரு ஃபில்டர் டிரைவரைப் பொருத்தியிருக்கும். ஒரே வழியில் பல டிரைவர்கள் நிற்கலாம் என்பதால் எது மேலே, எது கீழே என்று வரிசைப்படுத்த மைக்ரோசாஃப்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுக்கிறது. அதில் 320000 முதல் 329998 வரை ஆன்ட்டிவைரஸ்களுக்கு என்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆக, இரண்டு போட்டால் விண்டோஸ் தடுக்கும் என்று நினைக்க வேண்டாம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்க வைக்கும், அவ்வளவுதான். அந்த இரண்டும் தங்களுக்குள் ஒத்துப்போகும் என்று யாரும் உறுதி தரவில்லை.

ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் திருவனந்தபுரம் போன லாரிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். களியக்காவிளையில் ஒரு செக்போஸ்ட், அதைத் தாண்டினால் அமரவிளையில் இன்னொன்று, அதே லோடு, அதே பேப்பர், இரண்டு தடவை காத்திருப்பு. உங்கள் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஃபைலுக்கும் இதுதான் நடக்கிறது. விண்டோஸ் ஆன் ஆகி டெஸ்க்டாப் வருவதற்குள் திறக்கப்படுகிற ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஸ்லோ ஆகிறது மட்டும்தானா பிரச்சினை? ஸ்லோ ஆனாலும் பரவாயில்ல, பாதுகாப்பா இருந்தா போதும்னு நினைக்கிறேன்.

இந்த எண்ணத்தோடுதான் நிறைய பேர் வருகிறார்கள். பாதுகாப்பே குறைந்துவிடும் என்பதுதான் விஷயம்.

முதலில், இரண்டும் ஒன்றையொன்று சந்தேகப்படும். வைரஸைப் பிடிக்க வேண்டுமானால் வைரஸின் அடையாளங்கள் ஆன்ட்டிவைரஸின் கையில் இருக்க வேண்டும், அந்த அடையாளங்களே மற்றதற்கு வைரஸாகத் தெரியலாம். கெர்னலுக்குள் நுழைவது, மற்ற புரோகிராம்களைக் கண்காணிப்பது, தன்னை யாரும் நிறுத்த முடியாதபடி பார்த்துக்கொள்வது எல்லாம் மோசமான வைரஸ்கள் செய்கிற வேலைகள், ஆன்ட்டிவைரஸும் அதையேதான் செய்கிறது. அதனால் ஒன்றின் நடவடிக்கை மற்றதற்குத் தப்பாகத் தெரிய வாய்ப்பு இருக்கிறது. ஒன்று இன்னொன்றின் அப்டேட் ஃபைலைத் தூக்கி அடைத்து வைத்தால், அந்த இன்னொன்று அப்டேட் இல்லாமல் பெயருக்கு ஓடிக்கொண்டிருக்கும். உங்களுக்கு வெளியே எதுவும் தெரியாது.

அடுத்து, உண்மையிலேயே வைரஸ் வரும்போது நடக்கும் குழப்பம். முதலாவது அதைப் பிடித்து குவாரண்டைனுக்கு, அதாவது தனியாக அடைத்து வைக்கிற இடத்துக்கு, நகர்த்தும்போது, அந்த நகர்த்தலை இரண்டாவது பார்த்துவிட்டு "புது வைரஸ் எழுதப்படுகிறது" என்று மறுபடி பிடிக்கும். இரண்டும் ஒரே ஃபைலை ஒரே நேரத்தில் பூட்டி வைத்துக்கொண்டு, அழிக்க முடியவில்லை, அனுமதி இல்லை என்று மாறி மாறி எச்சரிக்கை காட்டும். கடைசியில் மனுஷன் சலித்துப்போய் இரண்டையும் நிறுத்திவிடுவார். அப்படி நிறுத்தி வைத்த மெஷின்கள்தான் கடைசியில் மொத்தமாக ஃபார்மேட் அடிக்க வருகின்றன.

மூன்றாவது, நீலத்திரை. கெர்னலுக்குள் இருக்கிற டிரைவர் தடுக்கி விழுந்தால் அந்த ஒரு புரோகிராம் மட்டும் மூடாது, மொத்த விண்டோஸும் நின்றுவிடும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரே ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன, விமானங்கள் ரத்தாயின. அது ஒற்றை மென்பொருளின் கோளாறு. 2010 ஏப்ரலில் மெக்காஃபி அப்டேட் ஒன்று எக்ஸ்பி விண்டோஸின் சொந்த ஃபைலான எஸ்விசிஹோஸ்ட்டையே வைரஸ் என்று பிடித்ததில் கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. ஆக, எந்த நல்ல ஆன்ட்டிவைரஸுக்கும் என்றாவது ஒருநாள் இப்படி நேரலாம். இரண்டு வைத்திருந்தால் அந்த அபாயமும் இரண்டு மடங்கு, போதாதற்கு இரண்டும் மோதிக்கொள்கிற அபாயம் தனி.

இன்னொன்றும் உண்டு, அதிகம் பேசப்படாதது. ஆன்ட்டிவைரஸும் மனிதர்கள் எழுதின மென்பொருள்தான், அதிலும் ஓட்டைகள் வரும். 2016-இல் சிமான்டெக் தயாரிப்புகளிலும், 2017 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டின் ஸ்கேன் எஞ்சினிலும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவினர் மோசமான ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். ஒரு ஃபைலை ஸ்கேன் செய்கிற அந்தச் செயல் மூலமாகவே உள்ளே புகுந்துவிடலாம் என்கிற அளவுக்கான ஓட்டைகள். இவை சரி செய்யப்பட்டுவிட்டன. ஆனால் முழு அதிகாரத்தோடு ஓடுகிற மென்பொருளின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட, புக வாய்ப்புள்ள வழிகளும் கூடும் என்பது உண்மை.

விண்டோஸ்லயே டிஃபெண்டர் இருக்கே. அதுக்கு மேல காசு கொடுத்து ஒண்ணு வாங்கினா அதுவே ரெண்டு ஆயிடாதா?

ஆகாது. விண்டோஸ் 10, 11-இல் நீங்கள் வேறொரு ஆன்ட்டிவைரஸை முறையாக இன்ஸ்டால் செய்தால், அது விண்டோஸ் செக்யூரிட்டியிடம் தன்னைப் பதிவு செய்துகொள்ளும். உடனே டிஃபெண்டரின் ரியல்டைம் பகுதி தானாக ஒதுங்கிவிடும். நீங்கள் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. புதியதை நீக்கினாலோ, அதன் கெடு முடிந்து பாதுகாப்பு நின்றாலோ டிஃபெண்டர் திரும்ப வரும்படிதான் அமைத்திருக்கிறார்கள்.

விண்டோஸ் 7 காலத்தில் இருந்த டிஃபெண்டர் வேறு, அது உளவு பார்க்கிற ஸ்பைவேரை மட்டும் பார்த்தது. முழு ஆன்ட்டிவைரஸாக விண்டோஸோடு சேர்ந்து வந்தது 2012-இல் விண்டோஸ் 8-இலிருந்து. பழைய நினைவில் "டிஃபெண்டர் ஒண்ணுக்கும் ஆகாது" என்று இன்னும் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டிஃபெண்டர் ஒதுங்கியிருக்கும்போதும் அதை அவ்வப்போது மட்டும் ஸ்கேன் செய்ய வைக்க ஒரு வசதி இருக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பகுதிக்குள் போனால் "பீரியாடிக் ஸ்கேனிங்" என்று ஒரு சுவிட்ச் தெரியும். அதை ஆன் செய்தால் உங்கள் ஆன்ட்டிவைரஸ் ரியல்டைம் வேலையைப் பார்க்கும், டிஃபெண்டர் இடையிடையே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும். இரண்டு வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஒரு எச்சரிக்கை, பெரிய கடை, பள்ளி, ஆஸ்பத்திரிகளில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு: விண்டோஸ் சர்வரில் டிஃபெண்டர் இப்படித் தானாக ஒதுங்காது. அங்கே வேறு ஆன்ட்டிவைரஸ் போட்டால் டிஃபெண்டரை ஆள்தான் போய் நிறுத்தவோ நீக்கவோ வேண்டும். பில்லிங் சர்வர் காரணமே இல்லாமல் இழுக்கிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

ரெண்டு இருந்தா ஒண்ணு விட்டதை இன்னொண்ணு பிடிக்குமே? அது லாபம்தானே?

நியாயமான கேள்வி. ஒரு ஆன்ட்டிவைரஸ் விட்டதை இன்னொன்று பிடிப்பது நிஜம்தான். ஆனால் அதற்கு இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டியதில்லை.

சந்தேகமான ஃபைல் ஒன்றுதான் என்றால் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். எழுபதுக்கும் மேற்பட்ட ஆன்ட்டிவைரஸ்கள் அதைப் பார்த்துச் சொல்லும். 2004-இல் ஸ்பெயினில் தொடங்கியது, 2012-இல் கூகுள் வாங்கிவிட்டது, இலவசம். ஆனால் ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், பத்திரம் மாதிரி எதையும் அங்கே ஏற்றாதீர்கள். ஏற்றுகிற ஃபைல்கள் பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும்.

மொத்தக் கம்ப்யூட்டர் மேலேயே சந்தேகம் என்றால் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர், ஈசெட் ஆன்லைன் ஸ்கேனர், காஸ்பர்ஸ்கையின் வைரஸ் ரிமூவல் டூல் என்று இலவசமாகவே கிடைக்கின்றன. சேஃப்டி ஸ்கேனர் இறக்கிய 10 நாளில் காலாவதியாகும், அடுத்த தடவை புதிதாக இறக்க வேண்டும். அது நல்லதுதான், பழைய பட்டியலை வைத்து யாரும் ஏமாற மாட்டார்கள். டிஃபெண்டரிலேயே ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது, விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்னாலேயே ஓடும், ஒளிந்திருக்கிற வைரஸுக்கு அது நல்ல பலன் தரும். நம்ம அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா, 2017 பிப்ரவரியில் தொடங்கியது, அதன் தளத்திலும் இலவச டூல்கள் உண்டு.

இரண்டு வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நார்ட்டன் நான்கும் இப்போது ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில். வேறு சில ஆன்ட்டிவைரஸ்களில் உள்ளே ஓடுவது இன்னொரு நிறுவனத்திடம் உரிமம் வாங்கிய எஞ்சின். பெட்டியில் இரண்டு பெயர் இருப்பதால் இரண்டு வேறு மூளை இருக்கிறது என்று ஆகாது.

மால்வேர்பைட்ஸ் கூட வெச்சுக்கலாமா?

இலவசப் பதிப்பு என்றால் தாராளமாக. முதல் 14 நாள் பிரீமியம் சோதனையாக ஓடும், அதன்பின் ரியல்டைம் நின்றுவிடும், நீங்கள் சொன்னால்தான் ஸ்கேன் செய்யும். பிரீமியம் வாங்கினால் அதுவே உங்கள் ஒரே ஆன்ட்டிவைரஸாக இருக்கட்டும்.

புது லேப்டாப்ல ஏற்கனவே ஒண்ணு இருந்துச்சு. கடையில இன்னொண்ணு ஒரு வருஷத்துக்குன்னு போட்டுத் தந்தாங்க. எதை எடுக்கணும்?

கூட வந்தது பெரும்பாலும் ஒரு மாதமோ கொஞ்சம் கூடவோ ஓடுகிற டிரயல். காசு கொடுத்த ஒன்று இருக்கும்போது அது எதற்கு? டிரயலை முதலில் நீக்கி, ரீஸ்டார்ட் செய்துவிட்டு அப்புறம் வாங்கியதைப் போட வேண்டும். நிறைய இன்ஸ்டாலர்கள் "வேறொன்று இருக்கிறது, அதை எடு" என்று தாங்களாகவே சொல்லும். அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடுவதால்தான் இரண்டும் தங்கிவிடுகின்றன. கடைக்காரர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: பழையதை எடுக்காமல் புதியதை அடித்துக் கொடுக்காதீர்கள், பத்து நிமிட வேலை, வாங்குகிறவருக்கு ஒரு வருஷத் தலைவலி மிச்சம்.

என் சிஸ்டத்துல ரெண்டு ஓடுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? எப்படி நீக்கணும்?

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, இடப்பக்கம் கீழே உள்ள செட்டிங்ஸுக்குள் "மேனேஜ் புரொவைடர்ஸ்" என்பதைப் பாருங்கள். பதிவான ஆன்ட்டிவைரஸ்களும், எது ஆன், எது ஆஃப் என்பதும் அங்கே தெரியும். டிஃபெண்டர் ஆஃப், இன்னொன்று ஆன் என்றால் சரியான நிலை. டிஃபெண்டர் அல்லாத இரண்டு பெயர்கள் இருந்தால் ஒன்றை எடுக்க வேண்டும்.

எடுக்கும்போது ஃபோல்டரை டெலீட் செய்வது வேலைக்காகாது, டிரைவர் உள்ளேயே கிடக்கும். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலில் போய் முறையாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள். போகவில்லை, பாதியில் நிற்கிறது என்றால் ஒவ்வொரு நிறுவனமும் தன் தளத்தில் தனி ரிமூவல் டூல் வைத்திருக்கிறது, அதை அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள், கண்ட தளத்தில் எடுக்காதீர்கள். இரண்டையும் எடுத்துவிட்டு ஒன்றைப் புதிதாகப் போடுவதுதான் சுத்தமான முறை. மழைக்காலத்தில் நம்ம பக்கம் கரண்ட் போகிற நேரம் சொல்ல முடியாது, ஆகவே லேப்டாப் என்றால் பேட்டரி நிறைந்த பிறகும், டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் இருக்கும்போதும் இந்த வேலையில் இறங்குங்கள். டிரைவர் பாதி நீங்கிய நிலையில் மெஷின் அணைந்தால் மறுபடி எழும்பாமல் போகலாம்.

ரெண்டாவது ஒண்ணைப் போட்டதும் நீலத்திரை வந்து நின்னுடுச்சு. ஃபார்மேட் அடிக்கணும்னு சொல்றாங்க. போட்டோ எல்லாம் போயிடுமா?

உடனே ஃபார்மேட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். சேஃப் மோட் என்பது அத்தியாவசியமானதை மட்டும் ஏற்றி விண்டோஸைத் திறக்கிற முறை, அதில் ஆன்ட்டிவைரஸ் டிரைவர்கள் பெரும்பாலும் ஏறாது, அதனால் அதற்குள் போய்க் கடைசியாகப் போட்டதை நீக்கினால் பல மெஷின்கள் எழுந்துவிடும். விண்டோஸ் சில தடவை தொடர்ந்து ஏற முடியாமல் போனால் ரிப்பேர் திரை தானாக வரும், அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போனால் சேஃப் மோட் கிடைக்கும்.

புது விண்டோஸ் 11 லேப்டாப்பில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கலாம், அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கலாம். அப்போது சேஃப் மோடுக்குப் போகிற வழியில் 48 இலக்க பிட்லாக்கர் ரிகவரி கீ கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் அது இருக்கும். மெஷின் நன்றாக ஓடுகிற இன்றைக்கே அதைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள், அதோடு அந்த அக்கவுன்ட் யாருடைய மெயிலில் திறந்தது என்பதையும். கடையில் யாரோ ஒருவரின் மெயிலில் திறந்து கொடுத்து, பிறகு கீ கிடைக்காமல் திண்டாடுவது வேதனையான விஷயம்.

இ-சேவை மையமும் ஜெராக்ஸும் சேர்த்து நடத்துறேன், திங்கள்சந்தையில. நாள் முழுக்க ஊர்ப்பட்ட பென்டிரைவ். ஒரு ஆன்ட்டிவைரஸ் எனக்குப் போதுமா?

போதும், ஆனால் ஆன்ட்டிவைரஸ் மட்டும் போதாது. உங்கள் மாதிரி இடங்களுக்குத்தான் உண்மையான அபாயம், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பென்டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கிற வைரஸ் உங்களுக்குத் தெரிந்ததுதான். அசல் ஃபோல்டரை மறைத்து வைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கும். கிளிக் செய்தால் வைரஸும் ஓடும், ஃபோல்டரும் திறக்கும், வந்தவருக்கு ஒன்றும் தெரியாது. இதைத் தடுக்க இரண்டாவது ஆன்ட்டிவைரஸ் வேண்டாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ பகுதியில் ஃபைல் எக்ஸ்டென்ஷனும் மறைந்த ஃபைல்களும் தெரியும்படி வையுங்கள். ஃபோல்டர் படத்தின் மூலையில் அம்புக்குறி இருந்தால் தொடாதீர்கள். பென்டிரைவ் சொருகியதும் அதன் மேல் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுத்துவிட்டுத்தான் திறப்பது என்று வேலை செய்கிற பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். கூட்டம் இருக்கும்போது இது தொல்லையாகத் தெரியும், ஆனால் உங்களிடமிருந்து தொற்றிக்கொண்டு போகிற பென்டிரைவ் அடுத்து பள்ளிக்கூட ஆபீசிலும் பஞ்சாயத்து ஆபீசிலும்தான் சொருகப்படும்.

அன்றாட வேலைக்கு அட்மின் அக்கவுன்ட்டைப் பயன்படுத்தாமல் சாதாரண அக்கவுன்ட் ஒன்று திறந்து அதில் வேலை செய்யுங்கள். அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருக்கட்டும். அப்புறம், வாட்ஸ்அப் வழியாக வருகிற ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் நகல்களை வேலை முடிந்ததும் டவுன்லோட்ஸிலிருந்து அன்றன்றே அழித்துவிடுங்கள், வாட்ஸ்அப் வெப்பையும் லாக்அவுட் செய்யுங்கள். ஊரார் நம்பிக் கொடுக்கிற காகிதங்கள் அவை. வைரஸ் ஒருநாள் உள்ளே வந்தாலும் எடுத்துக்கொண்டு போக ஒன்றும் இருக்கக் கூடாது.

டேலியும் ஜிஎஸ்டி ஃபைலிங்கும் பண்றோம். ஆன்ட்டிவைரஸ் ஆன்ல இருந்தா டிஜிட்டல் சிக்னேச்சர் வேலை செய்ய மாட்டேங்குது.

சில ஆன்ட்டிவைரஸ்கள் இணையத்துக்கும் பிரவுசருக்கும் நடுவில் நின்று, என்கிரிப்ட் ஆன தகவலையும் பிரித்துப் பார்க்கும். அதற்காகத் தங்கள் சொந்த சர்டிபிகேட் ஒன்றை விண்டோஸில் போட்டு வைக்கும். இரண்டு ஆன்ட்டிவைரஸ் இதைச் செய்தால் பாதுகாப்பான தளங்கள் திறக்காமல் சர்டிபிகேட் பிழை காட்டும் வாய்ப்பு அதிகம். முதலில் ஒன்றாகக் குறையுங்கள். அதன்பிறகும் தகராறு இருந்தால் ஆன்ட்டிவைரஸை முழுதாக அணைக்காமல், டிஜிட்டல் சிக்னேச்சருக்கான எம்சைனர், டோக்கன் மென்பொருள் இரண்டையும் மட்டும் விதிவிலக்கில், அதாவது ஆன்ட்டிவைரஸ் பார்க்காமல் விடுகிற பட்டியலில், சேர்த்துவிடுங்கள். டேலியின் டேட்டா ஃபோல்டரையும் அப்படிச் சேர்க்கலாம், கணக்கு சேமிக்கிற நொடியில் இன்னொரு புரோகிராம் ஃபைலைப் பிடித்து வைத்திருந்தால் டேட்டா கெட்டுப்போக இடமுண்டு. ஆனால் சி டிரைவ் முழுவதையும் விதிவிலக்கில் போடுவது மிகப் பெரிய தப்பு.

விதிவிலக்குப் பட்டியல் என்றதும் சொல்லியே ஆக வேண்டும்: கிராக் மென்பொருள் போட்டுத் தரும்போது ஆன்ட்டிவைரஸை ஏமாற்ற அந்த ஃபோல்டரை விதிவிலக்கில் சேர்த்துவிட்டு அப்படியே விடுவது நம்ம பக்கம் சாதாரணமாக நடக்கிறது. எத்தனை ஆன்ட்டிவைரஸ் இருந்தும் அந்த ஃபோல்டரில் இருப்பதை எதுவும் பார்க்காது. உங்கள் மெஷினில் அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து, காரணம் தெரியாத எல்லாவற்றையும் நீக்குங்கள்.

"உங்கள் ஆன்ட்டிவைரஸ் முடிந்துவிட்டது, 5 வைரஸ் இருக்கு"ன்னு மூலையில வந்துட்டே இருக்கு. அதனாலதான் இன்னொண்ணு போட்டேன்.

பெரும்பாலும் அது ஆன்ட்டிவைரஸ் காட்டுவது கிடையாது. எப்போதோ ஒரு தளத்தில் "அலோ" அழுத்தியிருப்பீர்கள், அந்தத் தளம் பிரவுசர் நோட்டிபிகேஷனாக அனுப்புகிற பொய். குரோம் செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன் பகுதிக்குப் போய் தெரியாத தளங்களை எல்லாம் நீக்கினால் நின்றுவிடும். அதில் வருகிற நம்பருக்கு போன் செய்யாதீர்கள். போன் செய்தால் எனிடெஸ்க் போடச் சொல்லி, கம்ப்யூட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு பேங்க் கணக்கைத் திறக்கச் சொல்வார்கள். பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, வீட்டில் தனியாக இருக்கிற அப்பா அம்மாக்கள் இதில் மாட்டுகிறார்கள், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

சரி, எதைத்தான் வாங்கறது?

வீட்டு உபயோகம், விண்டோஸ் ஒழுங்காக அப்டேட் ஆகிறது, கிராக் எதுவும் இல்லை என்றால் டிஃபெண்டரே போதும் என்பது என் முடிவான கருத்து. கடை, ஆபீஸ் என்று பல பேர் கை படுகிற இடம், போன் செய்தால் பேச ஆள் வேண்டும் என்றால் ஒன்று வாங்குங்கள். சென்னையின் கே7, புனேயின் குவிக்ஹீல் எல்லாம் நம்ம ஊர்க் கடைகளிலேயே கிடைக்கும். வாங்கும் முன் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் வெளியிடுகிற சோதனை முடிவுகளை ஒரு பார்வை பாருங்கள், இலவசமாகவே படிக்கலாம்.

பழைய விண்டோஸ் 7 மெஷின். ரெண்டு ஆன்ட்டிவைரஸ் போட்டா சமாளிக்கலாமா?

முடியாது. 2020 ஜனவரியோடு விண்டோஸ் 7-க்கும், 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸின் ஓட்டையை ஆன்ட்டிவைரஸ் அடைக்காது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் பரவியபோது, அதற்கு இரண்டு மாதம் முன்பே மைக்ரோசாஃப்ட் கொடுத்த அப்டேட்டைப் போட்டிருந்தவர்களிடம் அந்த ஓட்டை வழியாக அதனால் நுழைய முடியவில்லை. இணையம் தேவைப்படாத பில்லிங் வேலை மட்டும் என்றால் நெட்டைப் பிடுங்கிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

போன்ல ரெண்டு ஆன்ட்டிவைரஸ் ஆப்?

ஒன்றுகூடத் தேவையில்லை. ஆண்ட்ராய்டில் ஒரு ஆப் இன்னொன்றுக்குள் நுழைய முடியாது, ஆன்ட்டிவைரஸுக்கும் அதே தடைதான். ஆப்களைச் சோதிக்கிற கூகுளின் பிளே புரொடெக்ட் ஏற்கனவே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதம் என்று வருகிற ஏபிகே ஃபைலை, அதாவது ஆப்பை இன்ஸ்டால் செய்கிற ஃபைலை, தொடாமல் இருங்கள்.

ஒண்ணை எடுத்துட்டேன். மிச்சம் இருக்கறது ஒழுங்கா வேலை செய்யுதான்னு சோதிக்க முடியுமா?

முடியும். எய்கார் அமைப்பின் தளத்தில் சோதனை ஃபைல் ஒன்று இருக்கிறது. வெறும் 68 எழுத்துகள், ஒரு கெடுதலும் செய்யாது, ஆனால் பெரும்பாலான ஆன்ட்டிவைரஸ்கள் அதை வைரஸ்போலவே நடத்தும். அதை இறக்கிப் பாருங்கள், இறங்கும்போதே பிடிபட்டால் ரியல்டைம் ஓடுகிறது என்று அர்த்தம்.

ரெண்டாவது ஆன்ட்டிவைரஸுக்கு எடுத்து வெச்ச காசை என்ன பண்ணலாம்?

ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க் வாங்குங்கள், அல்லது அதற்குச் சேர்த்து வையுங்கள். மார்த்தாண்டத்தில் கல்யாண போட்டோ எடுக்கிற ஸ்டுடியோக்காரர்களுக்கும், குலசேகரத்தில் ரப்பர் வியாபாரக் கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். ரான்சம்வேர், அதாவது பூட்டி வைத்துப் பணம் கேட்கிற வைரஸ், ஃபைல்களைப் பூட்டிவிட்டால் பல நேரம் எந்த ஆன்ட்டிவைரஸாலும் திரும்பத் தர முடியாது, வேறு இடத்தில் நகல் இருந்தால் மட்டும்தான் தப்பிக்கலாம். வாரம் ஒருமுறை நகல் எடுங்கள், எடுத்து முடிந்ததும் வயரைக் கழற்றி பீரோவில் வையுங்கள். சொருகியபடியே விட்டால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். டிஃபெண்டரைப் பயன்படுத்துகிறவர்கள் "கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்" என்பதை ஆன் செய்து, முக்கியமான ஃபோல்டர்களை அதில் சேர்க்கலாம். அனுமதி இல்லாத புரோகிராம் எதுவும் அவற்றைத் திருத்த முடியாது. டிஃபெண்டரே ரியல்டைமில் ஓடும்போதுதான் இது வேலை செய்யும், வேறு ஆன்ட்டிவைரஸ் போட்டிருந்தால் அதில் இதே மாதிரி வசதி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.